பிள்ளையாருக்கு வயதைக் குறைக்கப் போன பயணம்

ஒரு பிள்ளையாரின் வயதில் ஆயிரத்து முந்நூறு வருஷத்தை ஒரே வரியில் கூட்டிவிட முடியும் என்பதை என் நாற்பத்தெட்டாவது வயதில் கண்டுபிடித்தேன். வரியை எழுதியவன் நான். பிள்ளையார் பிறந்து அப்போது நாலு மாதம். இந்த ஒரு வரியால் ஒரு நல்ல சிற்பி கிட்டத்தட்டச் சிலைத் திருடன் ஆனார், ஒரு குடும்பம் மழைக்காலத்தில் அழுக்குத் துணியோடு காத்திருந்தது, நான் கறுப்புக் கோட்டோடு மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பயணம் செய்தேன். இந்தத் தப்பை நான் படிக்காமல் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்காகவே ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

இருபது வருஷமாகச் செங்கல்பட்டு கோர்ட்டில் நான் நடத்தியதெல்லாம் சாலை விபத்து வழக்குகள். பஸ் மோதிய சைக்கிள், லாரி மோதிய பஸ், யார் மேலும் மோதாமல் தானாகக் கவிழ்ந்த டிராக்டர். முழங்காலுக்குக் கீழே எத்தனை எலும்பு, எது எப்படி உடையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். செல்போன் கோர்ட்டில் மூன்று பேரிடம் மட்டும் இருந்த காலம் அது. நான் அந்த மூவரில் ஒருவன் இல்லை. வேறு எதிலாவது தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசை வந்தபோது, கலைச் சட்டத்திலும் அருங்காட்சியகச் சட்டத்திலும் சிறப்புத் தகுதி தருவதாகச் சென்னையில் ஒரு சட்டக் கல்லூரி விளம்பரம் கொடுத்திருந்தது. சனி, ஞாயிறு வகுப்பு.

“மியூசியத்துக்கா போறீங்க? பார்க்கவா, இருக்கவா?” என்று என் மனைவி கேட்டாள்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பதினாலு பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். பேராசிரியர் வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கும் மறுக்க மனசு வரவில்லை. “உட்காருங்க, உட்காருங்க” என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் யாரும் எழுந்திருக்கவில்லை, உண்மையான பேராசிரியருக்குக்கூட.

படிப்பு நன்றாகவே இருந்தது. திருட்டுப் போன சிலை எந்த நாட்டுச் சட்டப்படி யாருக்குச் சொந்தம், ஒரு அருங்காட்சியகம் இன்னொன்றுக்கு ஓவியத்தைக் கடன் கொடுக்கும்போது யார் கூடப் போக வேண்டும், வழியில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சிக்கல் கடைசியில் வந்தது. உண்மையான ஒரு கட்சிக்காரருக்கு, கலைப்பொருள் சம்பந்தமான உண்மையான ஒரு வேலையைச் செய்து, அவர் கையெழுத்தோடு பதிவேடு கொடுக்க வேண்டும். செங்கல்பட்டில் கலைப்பொருள் சிக்கலோடு யார் இருக்கிறார்கள்? என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் கட்டுப்போட்ட காலோடு வருகிறவர்கள்.

அப்படிக் கட்டுப்போட்ட காலோடு வந்தவர்தான் ஏழுமலை. மாமல்லபுரத்தில் கல் சிற்பி. பல வருஷம் முன்பு அவருடைய மொபெட்டை ஒரு பஸ் இடித்தபோது நான்தான் வழக்கு நடத்தினேன். இப்போது அவருக்கு ஹாலந்து நாட்டு அம்மாள் ஒருத்தி முழங்கால் உயரத்தில் ஒரு பிள்ளையார் கேட்டிருந்தாள். அதை அனுப்ப இங்கிலீஷில் பில் எழுதித் தர வேண்டும் என்று வந்தார். கும்பிடப் போன தெய்வம் பஸ் ஏறி வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

“இன்னா பிள்ளையார்?” என்று கேட்டேன். ஏழுமலையோடு பேசும்போது எனக்கும் அந்த ‘இன்னா’ ஒட்டிக்கொள்ளும்.

“ஆன்டிக் பிள்ளையார் சார். அப்டியே எழுது.”

அப்படியே எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. படித்த படிப்பு சும்மா இருக்கவிடவில்லை. ‘மிகத் தொன்மை வாய்ந்த, பல்லவர் காலப் பாணிக் கற்சிற்பம்’ என்று நல்ல இங்கிலீஷில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஏற்றுமதி ஏஜெண்டின் குடோனில் பெட்டியைப் பார்வையிட வந்த சுங்க அதிகாரி அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனி ஆளுக்கு உரிமை கிடையாது. அவர் பெட்டியை நிறுத்தியது நூற்றுக்கு நூறு சரி. நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன், பாடமே நடத்தியிருக்கிறார்களே. வெள்ளிக்கிழமை காலை கன்டெய்னர் கிளம்பும். அதற்குள் இந்தப் பிள்ளையார் தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் நிபுணர் ஒருவர் எழுதித் தர வேண்டும். தந்தால் போகலாம். இல்லையென்றால் விசாரணை முடியும்வரை குடோனிலேயே இருக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

வழியைப் பற்றி எழுதப் போவதில்லை. முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் செங்கல்பட்டுக்காரனுக்கு மாமல்லபுரம் வெளிநாடு. விசா கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடை விற்கிற ஒருவர் என்னிடம் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். நான் திரும்பியதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாரிண்ணா” என்று சொல்லிக் குடையை வேறு பக்கம் நீட்டினார்.

பசி. ஊரில் பஸ் ஸ்டாண்ட் எதிரே உட்கார்ந்தால் கேட்காமலே இட்லி வந்துவிடும். இங்கே கடற்கரைத் தெருவில் உட்கார்ந்தால் ஆறு மொழியில் அட்டை வருகிறது. இட்லி எந்த மொழியிலும் இல்லை. வாழைப்பழப் பான்கேக் என்று ஒன்றைச் சொன்னேன். தோசைக்குள் வாழைப்பழத்தை வைத்து மடித்து, மேலே தேனை ஊற்றிக் கொண்டுவந்தார்கள். தோசை எனக்குப் பழக்கம், வாழைப்பழமும் பழக்கம், ஆனால் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததில்லை. அடுத்த மேஜையில் இருந்த வெள்ளைக்காரர் தன் மனைவியிடம், “இந்த ஊரில் எல்லாமே ஆயிரம் வருஷம் பழசு, இந்த மீனைத் தவிர” என்றார். அந்த அம்மாள் மீனைக் குத்திப் பார்த்துவிட்டு, “அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது” என்றாள்.

ஏழுமலையின் பட்டறை, ஐந்து ரதத்துக்குப் போகும் ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. எதிர்ப்பக்கம் அவருடைய மச்சானின் பெரிய ஷெட், பெரிய போர்டு, மெஷின் சத்தம்.

“நாஸ்தா ஆச்சா சார்?” என்றார் ஏழுமலை.

“பான்கேக் சாப்பிட்டேன்.”

“அத்த எதுக்கு சார் துன்ன? அது வெள்ளக்காரனுக்கு செஞ்சதாச்சே.”

கேட்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். பில் எழுதும் முன்பே கேட்டிருக்க வேண்டியது. “ஏழுமலை, ஆன்டிக்னா இன்னா?”

“இன்னா சார் இப்டி கேக்கற?” என்று பரிதாபமாகப் பார்த்தார். “கலரு சார். பாலிஷுன்னா கறுப்பா மின்னிக்கினு கீதே, அது. ரஃப்புன்னா சாம்பலாட்டம். ஆன்டிக்குன்னா பழுப்பா, அழுக்கா, மண்ணுல கெடந்தா மாரி. மூணு வெரைட்டி. இந்தத் தெருவுல எவனக் கேட்டாலும் சொல்லுவான்.”

தெருவில் இரண்டு பேரைக் கேட்டேன். சொன்னார்கள். ஒருவர், “அவசரம்னா நாளைக்கே ஆன்டிக் பண்ணித் தரேன்” என்றார்.

ஆக, சட்டப் புத்தகத்தில் வயதாக இருக்கும் சொல் அந்தத் தெருவில் நிறமாக இருக்கிறது. நான் நிறத்தை வாங்கி வயதாக எழுதிக் கோடு போட்டிருக்கிறேன்.

ஏழுமலைக்கு என்மேல் கோபமா என்றால், பாதி நாள் சந்தோஷமாகத்தான் இருந்தார். “அவ்ளோ பெரிய ஆபீசரே ஏமாந்துட்டாரு பாத்தியா சார்? எங்கையில அப்டி ஒரு ஃபினிஷிங்கு!” என்று பக்கத்துக் கொட்டகைக்கும் கேட்கும்படி சொன்னார். அப்புறம் எதிர்ப்பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார்.

“இது சாம்பிளு சார். இது போய் சேந்தா அந்தம்மா இன்னும் பதினோரு பிள்ளையார் எடுக்கறேன்னு சொல்லிகீது. போவலன்னா கொட்டாய மூடிட்டு மச்சான்கிட்ட கூலிக்குப் போவணும். அவன் கெட்டவன் இல்ல. ‘வா மாமா, குந்து’ன்னுதான் சொல்லுவான். அந்தக் ‘குந்து’வ என்னால கேக்க முடியாது சார்.”

போன் பூத்திலிருந்து ஹாலந்துக்குப் பேசினோம். அந்த அம்மாள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “நான் பழசு மாதிரி இருக்கும் பொருளைத்தான் கேட்டேன். பழைய பொருளைக் கேட்டிருந்தால் இந்நேரம் இரண்டு நாட்டில் ஜெயிலில் இருப்பேன். பில் எழுதிய மனிதர் யார்?” லைன் தெளிவாக இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

திரும்பும்போது மழை. பஸ்ஸில் வைப்பர் வேலை செய்யவில்லை. கண்டக்டர் முன் சீட்டில் உட்கார்ந்து கையை வெளியே விட்டுத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே டிக்கெட் கேட்டார். திருக்கழுக்குன்றத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அணுபுரத்தில் இருக்கும் அணு விஞ்ஞானி, சொந்த ஊர் தென்காசி. கல்லின் வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று ஆவலோடு கேட்டேன்.

“தாராளமா கண்டுபிடிக்கலாம். இந்தப் பக்கத்துக் கல்லா? கோடிக்கணக்கான வருஷம் ஆயிருக்கும்லா.”

“சார், கொஞ்சம் குறைச்சு…”

“கல்லுக்கு வயசு அதான். நீங்க சிலைக்குக் கேக்கீங்களா? அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லையே” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். பிள்ளையாரின் வயதை மேலும் ஏற்றியதோடு அன்றைய பயணம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை குடோன். ஏழுமலை கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தொல்லியல் அதிகாரி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள். கையில் டார்ச், கழுத்தில் பூதக்கண்ணாடி, பேச்சு குறைவு. பிள்ளையாரை முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அழகா இருக்கு” என்றார்.

“புதுசுதானே மேடம்?” என்றேன்.

“அழகா இருக்குன்னு சொன்னேன்.”

சுமை தூக்குகிற இருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிள்ளையாரைக் கவிழ்த்தார்கள். அந்த அம்மாள் பீடத்தின் அடியில் ஒரு ஊசியால் சுரண்டினார். ஏழுமலை கல்தூளும் குங்கிலியமும் குழைத்து அடைத்து வைத்திருந்த பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வரிசையாக நாலு அரைவட்டக் குழிகள். மெஷினால் துளை போட்டுக் கல்லைப் பிளந்த அடையாளம்.

என் வாழ்க்கையில் இப்படிச் சாட்சியம் தானாக வந்து விழுந்ததில்லை. “மேடம்! பல்லவர்கிட்ட கம்ப்ரஸர் கிடையாது!” என்று கூவினேன்.

“கிடையாது” என்றார் அவர் நிதானமாக. “கோயில்ல புகுந்து சிலையைப் பீடத்தோட உடைச்சு எடுக்கிறவங்ககிட்ட உண்டு.”

ஊசியைத் துடைத்துப் பையில் போட்டார்.

“இந்தக் கல்லோட மறுபாதி எங்கே?” என்று ஏழுமலையைக் கேட்டார்.

“எங்கூட்ல கீதும்மா.”

“வீட்ல எங்கே? பூஜையிலா?”

“இல்லம்மா. பின்னாடி, கொழாயாண்ட.”

“அங்கே வச்சு என்ன பண்றீங்க?”

“துணி தொவைக்கிறோம்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எந்தக் கோயிலின் பீடத்தில் இவர்கள் துணியை அடித்துத் துவைக்கிறார்களோ என்று அவர் மனசில் ஓடியது எனக்கே தெரிந்தது. என் பக்கம் திரும்பினார்.

“நீங்க இவரோட வக்கீலா?”

“ஆமா மேடம். கலைச் சட்டத்துல சிறப்புத் தகுதி படிக்கிறேன்.”

“எப்ப முடிப்பீங்க?”

எந்த அர்த்தத்தில் கேட்டார் என்று இன்றுவரை புரியவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் வரை அந்தப் பக்கம்தான் வேலை என்றார். வீட்டுக்கு வந்து கல்லைப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டையும் ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். சிலை குடோனை விட்டு நகரக் கூடாது. ஆகவே கல்தான் நகர வேண்டும். “ஒட்டலைன்னாலோ, ஒட்டி அது கோயில் கல்லா இருந்தாலோ, நான் போலீசுக்கு எழுதறதைத் தவிர வேற வழியில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழுமலை கீழே உதிர்ந்திருந்த பூச்சைக் குனிந்து பொறுக்கினார். “மொதல்ல ஆயிரம் வருசம் ஆக்குன. இப்ப திருடன் ஆக்கிட்ட. நாளைக்கு இன்னா சார் பண்ணப் போற?” என்றார்.

புதன்கிழமை நான் பண்ணியது, பச்சையம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியது. பச்சையம்மா ஏழுமலையின் மனைவி, கல்லின் உரிமையாளர்.

முதலில் சாப்பாடு போட்டாள். சங்கரா மீன் குழம்பு, சுடச்சுடச் சோறு. கடற்கரைத் தெருவின் ஆறு மொழி அட்டையிலும் இல்லாத சாப்பாடு. மீனின் தலையை என் தட்டில் வைத்தபோது காரியம் சுலபம் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கல்லைக் கேட்டேன்.

“எந்தக் கல்லு? எங்கல்லா? அத்த குடுக்க மாட்டேன்.”

“ஒரு நாளைக்குத்தாம்மா.”

“ஒரு நாளைக்குன்னுதான் இந்த மன்சன் போன வருசம் அம்மியத் தூக்கினு போனாரு. பட்டறையில கொத்திக் குடுக்கறேன்னாரு. அங்க வெச்சி ஒரு வெள்ளக்காரிக்கு ஆன்டிக்குன்னு வித்துட்டு வந்து நிக்கறாரு! எங்க மாமியாரோட மாமியார் அரைச்ச அம்மி சார் அது!”

எனக்குள் இருந்த மாணவன் திடுக்கிட்டு எழுந்தான். மாமியாரின் மாமியார் என்றால் எப்படியும் நூறு வருஷம் இருக்குமே? அந்த வீட்டிலிருந்து உண்மையாகவே வயதான ஒரு கல் யாரும் கேட்காமல் கப்பல் ஏறிப் போயிருக்கிறது. நேற்றுப் பிறந்த பிள்ளையார் குடோனில் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறார். ஏழுமலை என்னைப் பார்த்தார். “இது உங்காதுல வுழல சார்” என்றார். மீன் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது. விழவில்லை.

“ஊருக்கெல்லாம் சாமி செஞ்சி அனுப்பறாரு. கண்ணாலம் கட்டிகினு வந்து பதினாறு வருசத்துல எனக்குன்னு கொத்திக் குடுத்தது அந்த ஒரு கல்லு” என்றாள் பச்சையம்மா. பின்பக்கம் மூன்று நாள் மழைத் துணி மூட்டையாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் கல், நடுவில் நீலக் கறையோடு, எதுவும் தெரியாத மாதிரி படுத்திருந்தது.

அப்போதுதான் அந்தப் படிப்பில் ஒன்றாவது உதவும் என்று தோன்றியது. ஒரு அருங்காட்சியகம் இன்னொன்றுக்குப் பொருளைக் கடன் கொடுக்கும்போது போடும் ஒப்பந்தம். ஐந்தாம் பாடம். பையிலிருந்து கோர்ட்டுக்கு எழுதும் பச்சைத் தாளை எடுத்தேன்.

பொருள்: துணி துவைக்கும் கல், ஒன்று. கடன் தருபவர்: பச்சையம்மா. பெறுபவர்: ஏழுமலை, மேற்படியாரின் கணவர். நோக்கம்: ஒப்பிட்டுப் பார்த்தல். காலம்: ஒரு நாள். தற்போதைய நிலை: வலது மூலை சிதைவு, நடுவில் நீலக் கறை, பரவலாகச் சோப்புப் படிவு. எக்காரணம் கொண்டும் கல்லை விற்கவோ, செதுக்கவோ, நிறம் மாற்றவோ கூடாது. பயணம் முழுவதும் உரிமையாளரின் பிரதிநிதி ஒருவர் கல்லை விட்டு நீங்காமல் கூடவே செல்வார்.

உரக்கப் படித்துக் காட்டினேன். பச்சையம்மா ‘நிறம் மாற்றவோ கூடாது’ என்ற இடத்தில் தலையாட்டினாள்.

“பிரதிநிதி யாரு?”

“நீங்க யாரைச் சொல்றீங்களோ.”

“நானே வரேன்.” அவள் கையெழுத்துப் போட்டாள். ஏழுமலை பேனாவை வாங்கப் போனபோது தடுத்தாள். “கையெழுத்து வாணாம் சார். அப்பால என்னுது இல்லன்னு சொல்லுவாரு. ரேகை வெக்கச் சொல்லு.”

பதினெட்டு வகைப் பிள்ளையார் செதுக்கத் தெரிந்த அந்த விரலை ஸ்டாம்பு மையில் அமுக்கினார் ஏழுமலை.

வியாழக்கிழமை காலை கல்லைப் பஸ்ஸில் ஏற்றப் பார்த்தோம். “ஆளுக்கு டிக்கெட்டு கீது, லக்கேஜுக்கும் கீது. வூட்டயே பேத்து எடுத்துனு வந்தா அதுக்கு இல்ல” என்று கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். ஷேர் ஆட்டோவில் வைத்தோம், முன் சக்கரம் சலாம் போட்டது. கடைசியில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போகும் மீன் வண்டி ஒன்று நின்றது. டிரைவர் ஏழுமலைக்குத் தெரிந்தவர். சிங்கப்பெருமாள் கோயில்வரை வர ஒப்புக்கொண்டார்.

“கல்ல அடியில போடு அண்ணாத்த, மேல எறா பொட்டி வெச்சிக்கலாம்.”

“எங்கல்லு மேல எதுவும் வெக்கக் கூடாது. அக்ரிமெண்டு கீது” என்றாள் பச்சையம்மா. கல்லின் மேலே அவளே உட்கார்ந்துகொண்டாள். ஏழுமலை முன்னால் டிரைவர் பக்கத்தில். குடோனில் நன்றாக இருக்கட்டும் என்று கறுப்புக் கோட்டு போட்டு வந்திருந்த நான் இரண்டு ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில்.

நேராகப் போவதாகச் சொன்ன வண்டி திருக்கழுக்குன்றத்தில் நின்றது. டிரைவருக்கு அங்கே வாடிக்கை உண்டாம். ஐந்து நிமிஷத்தில் வண்டியைச் சுற்றிக் கூட்டம்.

“யம்மா, எறா எப்டி?” என்று பச்சையம்மாவைக் கேட்டார்கள்.

“நான் மீன்காரி இல்ல. மியூசியத்துக்குப் போறோம்” என்றாள் அவள் கல்லை விட்டு நகராமல்.

ஒருவர் என் கோட்டைப் பார்த்துவிட்டு, சுகாதார இன்ஸ்பெக்டர் என்று முடிவு செய்து, “சார், இந்த வவ்வாலு மீனு நல்லா கீதா, கெட்டுப்போச்சா, பாத்து சொல்லுங்க” என்று செவுளைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். நல்லதுதான் என்றேன். அதற்குப் பின் நாலு பேர் வரிசையில் வந்தார்கள். இருபது வருஷ வக்கீல் தொழிலில் என் கருத்தை யாரும் எதிர்வாதம் இல்லாமல் ஏற்றுக்கொண்டது அன்றுதான்.

மணி பதினொன்றே முக்கால். டிரைவர் நிதானமாகச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். ஏழுமலை இறங்கி வந்தார். டிரைவரின் தராசைக் கையால் பிடித்து நிறுத்தினார். “அண்ணாத்த, உன் எறாவ பூரா நான் வாங்கிக்கறேன். வண்டிய எடு. அந்தம்மா போய்ட்டா நான் முடிஞ்சேன்.” டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தார். தராசை உள்ளே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அதற்கப்புறம் எந்த ஊரிலும் நிற்கவில்லை, நிற்க வேண்டிய இடத்தில்கூட.

குடோன் வாசலில் அந்த அதிகாரி அம்மாள் குடையை விரித்துவிட்டிருந்தார். எங்களைப் பார்த்து, அல்லது எங்கள் வாசனையைப் பிடித்து, மடக்கினார்.

பிள்ளையாரைப் படுக்கவைத்தார்கள். கல்லை எதிரே கொண்டுவந்தார்கள். பச்சையம்மா ஒரு கையைக் கல்லின் மேலேயே வைத்துக்கொண்டு கூட நடந்தாள். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். கல் மெல்ல நகர்ந்து பீடத்தின் அடியோடு முட்டியது. இந்தப் பக்கத்து நாலு அரைவட்டமும் அந்தப் பக்கத்து நாலு அரைவட்டமும் சேர்ந்து நாலு முழு வட்டம். துவைக்கிற கல்லின் நீலக் கறைக்கு நடுவிலிருந்து கிளம்பிய ஒரு வெள்ளை ரேகை, மூட்டைத் தாண்டி, பிள்ளையாரின் தொப்பை வரைக்கும் ஓடியது. இடையில் ஒரு முடி நுழைய இடமில்லை.

அந்த அம்மாள் கல்லின் மறுபக்கம் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், விரலை வைத்து முகர்ந்தார். “பார் சோப்பு” என்றார். அப்புறம் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. “இது எந்தக் கோயில் பீடமும் இல்லை. மறுபக்கத்துல ஒரு பழைய உளித்தடம்கூட இல்லை, வெறும் குவாரிக் கல்லு.”

ஏழுமலை கண்ணைத் திறந்தார்.

“ஒண்ணு மட்டும் எழுதிக்கணும். இந்தக் கலர் எப்படி வந்தது? என்ன போட்டீங்க?”

ஏழுமலை அந்த அம்மாளைப் பார்த்தார், சுமை தூக்குகிறவர்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “சொல்றேம்மா. இவர கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லு.”

“நான் உங்க வக்கீல் ஏழுமலை.”

“அதான் சார். நீ எங்கனா எழுதி வெச்சிருவ.”

“அவங்க?” என்று பச்சையம்மாவைக் காட்டினேன்.

“அத்த கலக்கறதே நான்தான்” என்றாள் அவள்.

வெளியே மழையில் மீன் வண்டி டிரைவரோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கிசுகிசுப்பும், “மாட்டு மூத்திரமா?” என்று அந்த அம்மாளின் வியப்பும், மறுபடி கிசுகிசுப்பும் கேட்டன. என் பதிவேட்டில் ‘தயாரிப்பு முறை’ என்ற பக்கம் இன்றைக்கும் காலி.

‘தொல்பொருள் அல்ல’ என்று இரண்டே சொல்லில் சான்று கிடைத்தது. ஏழுமலை அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் லேசாக முகம் வாடி, “‘அல்ல’ன்னு போட்டுட்டாங்களே சார்” என்றார். வெள்ளிக்கிழமை காலை கன்டெய்னர் போனது. பதினோரு பிள்ளையாருக்கும் ஆர்டர் வந்தது. இந்த முறை பில்லை மச்சான் மகளிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அவள் எட்டாவது படிக்கிறாள். ‘பிரவுன் கலர்’ என்று எழுதியிருந்தாள்.

கல் அன்று சாயங்காலமே குழாயடிக்குத் திரும்பியது. பச்சையம்மா ஒப்பந்தத்தை விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மூலைச் சிதைவு அப்படியே, கறை அப்படியே. புதிதாக ஒரு மீன் செதில் ஒட்டியிருந்ததை எனக்குக் காட்டி, “இது உங்க கணக்கு” என்றாள்.

கல்லூரியில் என் பதிவேட்டைத் திருத்தியவர், வழக்கைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. துவைக்கிற கல்லின் கடன் ஒப்பந்தத்துக்கு நேரே மட்டும் ‘மிக நன்று’ என்று போட்டிருந்தார். தேறினேன். கலை மற்றும் அருங்காட்சியகச் சட்டத்தில் சிறப்புத் தகுதி என்று தங்க நிற எழுத்தில், பளபளவென்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பையன் படிச்சதா சார்?”

“நான் படிச்சது.”

தாளையும் என் நரைத்த தலைமுடியையும் இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, எனக்கு உதவுகிற குரலில் சொன்னார்:

“அப்ப ஆன்டிக் ஃபினிஷ்ல போட்டுத் தரேன் சார். இப்பதான் வாங்குனதுன்னு யாருக்கும் தெரியாது.”